நீரிழிவும் இரத்தக் கொழுப்பும்

நீரிழிவு என்றவுடன் சர்க்கரை அளவே நினைவிற்கு வருகிறது. ஆயினும், இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளின் உயிரைப் பெரிதும் பறிப்பவை இதய, இரத்தக் குழாய் நோய்களே. சென்னையில் நடத்தப்பெற்று 2001இல் வெளியான நகர்ப்புற மக்கள் ஆய்வில், சர்க்கரை இயல்பாக இருந்தோரில் 9.1 விழுக்காட்டினருக்கும், நீரிழிவுடையோரில் 21.4 விழுக்காட்டினருக்கும் இதயத் தமனி நோய் காணப்பட்டது. இவ்வேறுபாட்டிற்கு இரத்தக் கொழுப்பின் சீர்கேடு ஒரு முக்கியக் காரணமாகும்.

சீர்கேடு தோன்றும் விதம்

இன்சுலின் செவ்வனே செயற்படாதபோது, உடற்கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் மிகுதியாக வெளிப்பட்டுக் கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. இதன் விளைவாக, நன்மை தரும் எச்.டி.எல். கொலஸ்டிரால் குறைகிறது. தீமை தரும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, அடர்ந்து, தமனிச் சுவரில் எளிதிற் புகுகின்றன.

கணக்கு உணர்த்துவது

ஒரு நோயாளிக்கு டெசிலிட்டருக்கு மொத்தக் கொலஸ்டிரால் 180 மில்லிகிராம், எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240 எனக் கொள்வோம். டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 48ஐயும், எச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழித்தால் எல்.டி.எல். 100 என வரும். மேலோட்டமாக நோக்குவோர் இதில் குறை காணார். ஆனால், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் கிடைப்பது 148. தமனியில் படியக்கூடிய கொலஸ்டிரால் முழுவதையும் குறிப்பது இவ்வெண்ணே. ஆபத்து மிகுந்த நீரிழிவு நோயாளிகளுக்கு எல்.டி.எல். 70க்கும், இவ்வெண் 100க்கும் கீழே இருத்தல் நலம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில்

திருப்பதியில் 1960இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993 முதல் உயர் சிகிச்சை அளித்து வருகிறது. எனினும், மாரடைப்புக்குப் பின் அளிக்கும் சிகிச்சையைவிட அதனை முன்னரே தடுப்பது எளிது, செலவும் குறைவு.

தடுப்புப் பணி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்க வேண்டும். நீரிழிவு கண்டறியப்பட்டவுடனும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் கொழுப்புப் பரிசோதனை செய்தல் வேண்டும். வெள்ளையரிசிச் சோற்றையும் இனிப்பையும் குறைத்தல், இராயலசீமையின் பழைய உணவான கேழ்வரகுக் களியையும் அளவோடு உண்ணல், நாள்தோறும் நடத்தல், புகையிலையை விலக்கல் ஆகியவை துணை செய்யும்.

இவற்றோடு மருந்தும் தேவைப்படலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,838 நீரிழிவு நோயாளிகளிடையே நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் உட்கொண்டோரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 37 விழுக்காடு குறைந்தன. அவர்களின் எல்.டி.எல். தொடக்கத்தில் மிக உயர்ந்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

ஆகவே, நீரிழிவு நோயாளியின் பதிவேட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் கொழுப்பு அளவும் தவறாது இடம்பெற வேண்டும். மருத்துவமனைகளை எட்டும் மாரடைப்புகளைக் குறைக்க இதுவே முதற்படி.