ஸ்பானிஷ் எவ்வளவு வரும்?

மாட்ரிட்டில் வகுப்பு முடித்து, பி2 நிலைச் சான்றிதழும் வாங்கிய ஒருவர், தெற்கே காதிஸ் நகரத்து மீன் சந்தையில் நிற்கிறார். விலை கேட்கிறார். பதில் ஒரே ஓட்டமாகக் காதைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தில் அசையின் கடைசியில் வரும் ‘ஸ்’ வெறும் மூச்சாகக் கரையும். ‘பெஸ்காதோ’ என்று படித்த மீன், பேச்சில் ‘பெஹ்காவ்’ ஆகும். சொந்த ஊரின் பெயரையே ‘காய்’ என்று சுருக்குகிறவர்கள் அவர்கள்.

இவருக்கு ஸ்பானிஷ் வருமா, வராதா?

செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே பி2 தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 எடுத்தாக வேண்டும். ஆனால் ஒரே தொகுதிக்குள், நன்றாகப் பேசி வாங்கிய மதிப்பெண் கேட்பதில் உள்ள குறையைத் தாங்கிவிடும். இவருக்கு நடந்தது அதுதான்.

2001இல் வெளியான ஐரோப்பிய மொழித்திறன் சட்டகம் பி2 நிலையை விவரிக்கும்போது, அந்த மொழிக்காரரோடு பேசுகையில் இரு தரப்புக்குமே சிரமம் இருக்கக் கூடாது என்கிறது. கற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் சிரமத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைக்கிறாரா, எளிய சொற்களுக்கு இறங்குகிறாரா, ஆங்கிலத்துக்குத் தாவுகிறாரா? ஒரு வாரம் இதைக் குறித்துவைத்தாலே தன் நிலை தெரிந்துவிடும். தொலைபேசியில் மருத்துவரிடம் நேரம் கேட்பது இன்னும் கடுமையான சோதனை. அங்கே முகமும் இல்லை, கையசைவும் இல்லை.

நேற்று நடந்ததை, தயாரிப்பு இல்லாமல் ஐந்து நிமிடம் சொல்லிப் பதிவுசெய்து, ஒரு மாதம் கழித்துக் கேட்பதும் நல்லது. முடிந்த செயலுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என ஸ்பானிஷில் உள்ள இரண்டு இறந்தகால வடிவங்கள், பயிற்சித்தாளில் சரியாக வந்தாலும் கதை சொல்லும் வேகத்தில் இடம் மாறிவிடும். ‘கியெரோ கே வெங்காஸ்’ (நீ வர வேண்டும்) என்பதில் ‘வெங்காஸ்’ என்ற வினைவடிவம் யோசிக்காமல் வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். மாறாக, கார்க் திருகிக்கான சொல் மறந்து, ‘வைனைத் திறக்கிற பொருள்’ என்று ஸ்பானிஷிலேயே சமாளித்திருந்தால் அதைப் பிழையாகக் கணக்கிடக் கூடாது. அதுவும் சரளம்தான்.

தமிழர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ‘மே குஸ்தா’ அப்படியே ‘எனக்குப் பிடிக்கும்’. நம் ‘போகிறேன்’ போலவே அங்கும் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். முதல் படிகளை விறுவிறுவென ஏறியவர் மேல்படிகளும் இப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்.

வட்டார வழக்கு புரியாததற்காகத் தன்னைக் குறைத்து எடைபோடவும் வேண்டாம். ‘குவாகுவா’ கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை.

காதிஸ் சந்தையில் நின்றவர் முதல் நாள் மூன்று முறை கேட்டுத்தான் விலையைப் பிடித்தார். நான்காம் வாரமும் கடைக்காரர் அதே வேகத்தில், அதே மூச்சுக்காற்று ‘ஸ்’ஸோடு பேசினார். இவர் அரைக் கிலோ மத்தி கேட்டு, நேற்றைய விலையைச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார்.