புகழும் பொறுப்பும்

கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ள மைசூர் மைன்ஸ், தமிழ்த் தொழிலாளர்கள் சுரங்க வேலைக்காகக் குடியேறிய பகுதிகளுள் ஒன்று. 2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் அங்கு வாழ்கின்றன. பெங்களூரு அணியும் சென்னை அணியும் கால்பந்தில் மோதும் நாளில், வாழும் மண்ணின் அணியை ஆதரிப்பதா, தாய்மொழி வழங்கும் நகரின் அணியை ஆதரிப்பதா என்னும் வினா அங்குள்ள சிறுவர்க்கு எழலாம்.

இத்தகைய வினா உலகெங்கும் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு உண்டு. தாமஸ் பிரடாரிச் 1975ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். அவருடைய குடும்ப வேர் குரோவாசிய நாட்டைச் சேர்ந்தது. அவர் பிறந்த நாடான ஜெர்மனிக்காக 8 பன்னாட்டு ஆட்டங்களில் விளையாடினார். முன்கள ஆட்டக்காரராகிய அவர், ஓய்வு பெற்றபின் பயிற்றுநர் ஆனார். 2022ஆம் ஆண்டு சென்னையின் எஃப்.சி. அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் நடந்த முதல் லீக் ஆட்டத்திலேயே, கொல்கத்தாவில் மோகன் பகான் அணியை 2–1 என்னும் கணக்கில் சென்னை வென்றது. பின்னர் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 20 ஆட்டங்களில் 7 வெற்றி, 7 தோல்வி, 6 சமநிலை. 11 அணிகளுள் சென்னை 8ஆம் இடம் பெற்றது. அடுத்த பருவத்தில் வேறொருவர் பயிற்றுநர் ஆனார்.

இணையப் புகழ் அன்றைய ஆட்டத்தின் முடிவைப் பின்தொடர்வது. வென்ற இரவில் வாழ்த்துவோரே தோற்ற இரவில் வசைபாடுவர். கோல் அடித்தவரின் படம் கைப்பேசிதோறும் பரவும். அவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று கற்பித்தவரின் உழைப்பு அப்படத்தில் தெரியாது. தோல்வி நேர்ந்தால் மட்டும் பயிற்றுநரின் பெயர் முதலில் எழும். ஆட்டக்காரர் தம் கால்களை நம்பலாம். பயிற்றுநரோ பிறர் கால்களை நம்பிப் பொறுப்பேற்கிறார்.

ஊர்த் திடலில் மாலைதோறும் சிறுவர்க்குப் பந்தாட்டம் கற்பிக்கும் அண்ணனை இணையம் அறியாது. எனினும், அவரிடம் கற்ற சிறுவன் பந்தைத் தோழனுக்குச் சரியாகத் தள்ளும்போது அவருடைய உழைப்பு வெளிப்படுகிறது. ஒருவரைப் புகழ்வதற்கோ பழிப்பதற்கோ முன், அவர் என்ன கற்பித்தார் என்று கேட்பதே நேர்மை.

அருஞ்சொற்பொருள்
முன்களம் – எதிரணியின் கோலை நோக்கித் தாக்கும் பகுதி
வசைபாடுதல் – இழித்துப் பேசுதல்
திடல் – விளையாடும் வெளி

பயிற்சி
1. பிரடாரிச் எந்த நாட்டிற்காக விளையாடினார்?
2. கோல் அடித்தவரின் படத்தில் தெரியாதது எது?
3. ஆட்டக்காரரின் பொறுப்பும் பயிற்றுநரின் பொறுப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. உங்களுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுத்தந்தவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.