சாரமும் தூணும்: மூலநிரல் நிறுவலில் எஞ்சும் துணைப்பொருள்கள்

கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டும். எழும்பியபின் அதனைப் பிரித்துவிடுதல் முறை. ஆயின், சாரத்தைப் பிரிப்பவர் தூணையும் சேர்த்துப் பிடுங்கிவிடின் கட்டடம் நில்லாது. மூலநிரலிலிருந்து மென்பொருளை நிறுவும் பணிக்கும் இவ்வுண்மை பொருந்தும். 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் இயங்குதளத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

மூலநிரல் என்பது மாந்தர் படித்தறியத்தக்க வடிவில் எழுதப்பெற்ற நிரல். அதனைக் கணிப்பொறி இயக்கும் வடிவிற்கு மாற்றுவது கம்பைலர். இதன்கண் துணைநிற்கும் பொருள்கள் இருவகைப்படும். முதலாவது ஆக்கத்துணை. கம்பைலர், 'மேக்' போன்ற கருவிகள், 'டெவ்' எனப் பெயர் முடியும் தொகுப்புகள் ஆகியன இதன்பாற்படும். இரண்டாவது இயக்கத்துணை. மென்பொருள் இயங்குந்தோறும் நாடுகின்ற பகிர்வு லைப்ரரிகள் இவ்வகையின. முன்னது சாரம்; பின்னது தூண்.

'ஆப்ட்-கெட் பில்ட்-டெப்' எனும் கட்டளை, டெபியன் களஞ்சியத்திலுள்ள ஒரு மென்பொருளுக்குரிய ஆக்கத்துணைகளை ஒருங்கே நிறுவித் தரும். பணி முடிந்தபின் அவை தாமே நீங்குவதில்லை. வட்டில் இடத்தை அடைத்துக்கொள்வதோடு, புதுப்பிக்குந்தோறும் அவற்றையும் புதுப்பிக்க நேர்கிறது.

இவை எஞ்சுவது ஏன்? பயனர் கேட்டு வந்தவை, பிறவற்றின் பொருட்டு வந்தவை என ஆப்ட் தொகுப்புகளை இருபாற்படுத்திக் குறித்துவைக்கிறது. 'ஆட்டோரிமூவ்' கட்டளை, பின்னவற்றுள் வேறெந்தத் தொகுப்பிற்கும் வேண்டாதவற்றையே நீக்கும். ஆக்கத்துணைகள் பயனர் கேட்டவையாகக் குறிக்கப்பட்டிருப்பின் அவற்றை அது தீண்டாது.

இதற்கு நல்லதொரு வழியுண்டு. 'டெவ்ஸ்கிரிப்ட்ஸ்' தொகுப்பிலுள்ள 'எம்கே-பில்ட்-டெப்ஸ்' எனும் கருவி, ஆக்கத்துணைகள் அனைத்தையும் சார்ந்துநிற்கும் பெயரளவிலான ஒரு தொகுப்பை உண்டாக்கும். அதனை நிறுவினால் துணைகள் அதன்பொருட்டு வந்து சேரும். பணி முடிந்ததும் அவ்வொன்றை நீக்கிவிட்டு 'ஆட்டோரிமூவ்' இட்டால், அதன்பொருட்டு வந்தவை அகலும்.

இங்குதான் விழிப்பு வேண்டும். 'மேக் இன்ஸ்டால்' கட்டளையால் நாம் நேரே நிறுவிய மென்பொருளை ஆப்ட் அறியாது. ஆகவே, அம்மென்பொருள் நாடும் லைப்ரரியையும் வேண்டாததெனக் கருதி அகற்றிவிடும். நேற்றுவரை இயங்கிய மென்பொருள் இன்று இயங்க மறுக்கும். செய்முறைத் தேர்வு நாளில் ஆய்வகக் கணிப்பொறியில் இவ்வாறு நேரின் மாணவர் உழைப்பு என்னாவது?

எனவே, நீக்குமுன் 'எல்டிடி' கட்டளையால் மென்பொருள் நாடும் லைப்ரரிகளைப் பட்டியலிடுக. அவை எத்தொகுப்பின என 'டிபிகேஜி' வழி அறிந்து, 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கட்டளையால் அத்தொகுப்புகளைக் காத்துக்கொள்க. இயங்கும்போது மட்டும் ஏற்றப்பெறும் செருகுநிரல்கள் அப்பட்டியலில் தோன்றா என்பதையும் நினைவிற்கொள்க. பின்னர் ஒத்திகையாக 'ஆப்ட்-கெட் -எஸ் ஆட்டோரிமூவ்' இட்டு, நீங்கவிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க. ஒத்திகையில் எதுவும் அழிவதில்லை.

மென்பொருளை முறைப்படி டெபியன் தொகுப்பாகவே ஆக்கி நிறுவுவது இவற்றினும் சிறந்தது. அப்போது அது சார்ந்த லைப்ரரிகள் பதிவேட்டில் இடம்பெறும். தூண் எது, சாரம் எது என்பதைக் கணிப்பொறியும் அறியும். நிறுவக் கற்கும் மாணவர், தாம் நிறுவியதைக் குறித்துவைக்கவும் முறையாக நீக்கவும் உடன் கற்பாராக.