எரிஉலையைத் தடுத்த அன்னையர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

குப்பையை என்ன செய்வது என்று யாரேனும் கேட்டால், "கொளுத்திவிட்டால் போயிற்று!" என்று நம்மில் பலரும் சட்டென்று விடை சொல்லிவிடுவோம். பள்ளித் தோட்டத்துச் சருகுகளைக் கூட்டிக் குவிக்கும்போது நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் எரித்த பொருள் இல்லாமலே போய்விடுமா? பொருண்மை அழியா விதியைப் படித்த நாங்கள் இதைச் சற்றுச் சிந்தித்திருக்க வேண்டும். ஒரு பகுதி புகையாகிறது. ஒரு பகுதி சாம்பலாகிறது. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்த நெருப்பும் அழிப்பதில்லை. குளோரின் கலந்த பிளாஸ்டிக் முதலியவை எரியும்போதும், அந்தப் புகை குளிரும்போதும் டயாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். அது காற்றில் சென்று புல்லில் படிந்து, புல்லைத் தின்ற பசுவின் கொழுப்பில் தங்கி, பாலின் வழியே மனிதரை வந்தடைகிறது. தாய்ப்பாலில்கூட அது கலக்கிறது. புகைபோக்கியில் வடிகட்டிகள் பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும். எனினும் அவற்றில் சிக்கிய நச்சுச் சாம்பலை மறுபடியும் எங்கேயாவது புதைத்தாக வேண்டுமல்லவா?

இத்தகைய எரிஉலை ஒன்று தங்கள் இல்லங்களுக்கு அருகே வரவிருந்ததை அறிந்த அன்னையர் சிலரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டி வெர்னான் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே ஆலைகள் மிகுதி. குடியிருப்போர் மிகச் சொற்பம். ஆனால் பக்கத்திலுள்ள பாயில் ஹைட்ஸ், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிகளிலோ மக்கள் நெருக்கம் அதிகம். மெக்சிகோ நாட்டு வழிவந்தவர்கள், உழைத்துப் பிழைப்பவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். 1987ஆம் ஆண்டுவாக்கில் ஒரு தனியார் நிறுவனம், ஆண்டுக்கு 22,500 டன் நச்சுக் கழிவுகளை வெர்னானில் எரிக்கத் திட்டமிட்டது. சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றிய முழு ஆய்வறிக்கை இல்லாமலே அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது!

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளை எங்கே நிறுவினால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும் என்று, 1984இல் கலிபோர்னியா மாநிலக் கழிவு மேலாண்மை வாரியத்திற்கு செர்ரல் அசோசியேட்ஸ் என்னும் நிறுவனம் ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தது. வருமானம் குறைந்தவர், உயர்நிலைப் பள்ளிக்கு மேல் படிக்காதவர், நடுவயதைக் கடந்தவர் ஆகியோர் எதிர்க்கமாட்டார்கள் என்று அதில் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் கத்தோலிக்கர் என்ற சொல்லும் இருந்தது. இதை அறிந்தபோது எங்கள் வகுப்பில் சற்று நேரம் யாருமே பேசவில்லை. வெர்னானை அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கண்ட அத்தனையும் பொருந்திய பெண்கள்தாம் அங்கே எழுந்து நின்றார்கள்.

அவர்களுக்கு இது முதற் போராட்டமன்று. தங்கள் பகுதியில் ஒரு சிறைச்சாலை வருவதை எதிர்த்து ஏற்கெனவே ஒன்று கூடியிருந்தார்கள். காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடிய அர்ஜென்டீனா நாட்டு அன்னையரை நினைவுகூர்ந்து, 'கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அன்னையர்' என்னும் பெயரைப் பங்குத்தந்தை ஜான் மொரெட்டா அவர்கள் அக்குழுவிற்கு இட்டார். ஒன்பது பிள்ளைகளின் தாயான ஹுவானா குட்டியெரஸ் என்பவர் முன்னணியில் நின்றார். வெண்ணிற முக்காடு அணிந்து ஊர்வலம் சென்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பலகாரம் விற்றுப் பணம் சேர்த்து, சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் பேருந்தில் சென்று முறையிட்டனர். சமைத்துக்கொண்டே தொலைபேசியில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி சொல்லிச் சில மணி நேரத்தில் தெருவையே திரட்டிவிடுவார்களாம். நம் அம்மாக்களுக்கும் இந்தத் திறமை உண்டு என்பது நாம் அறிந்ததே!

எரிஉலை விஷயத்தில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: முதலில் முழுமையாக ஆராயுங்கள் என்பதுதான். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆய்வறிக்கை கட்டாயம் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1991இல் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. குழுவின் முன்னோடிகளுள் ஒருவரான அரோரா காஸ்தியோ அம்மையார், எண்பது வயதை எட்டியிருந்த 1995இல், சுற்றுச்சூழலுக்கான கோல்டுமேன் விருதைப் பெற்றார்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு தோழி எழுந்து, "நம் வீட்டருகே வேண்டாம் என்றால் அது வேறொரு வீட்டருகே போகும். இது தன்னலம் இல்லையா?" என்று வினவினாள். நியாயமான கேள்விதான். கழிவு என்பது எங்கேனும் போய்த்தான் ஆக வேண்டும். குறைவாக உண்டாக்குவதைப் பற்றி யாரும் எளிதில் பேசுவதில்லை. ஆயினும் இந்த அன்னையர் தங்கள் ஊர் தப்பியது போதும் என்று வீட்டில் அமர்ந்துவிடவில்லை. அதே மாநிலத்தில் கெட்டில்மன் சிட்டி என்றொரு சிற்றூர். வயல் வேலை செய்யும் ஏழை மக்கள். அவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். அங்கேயும் ஒரு நச்சுக் கழிவு எரிஉலை வரவிருந்தது. அதைப் பற்றிய ஆய்வறிக்கையோ பெருநூல் அளவுக்கு ஆங்கிலத்தில் மட்டும்! அம்மக்களுக்குத் துணையாக லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அன்னையர் புறப்பட்டுச் சென்று அவர்களோடு நடந்தனர். மக்களுக்குப் புரியும் மொழியில் விவரம் தராதது குறையே என்று நீதிமன்றம் கூறியது. 1993இல் அந்த எரிஉலைத் திட்டமும் கைவிடப்பட்டது.