நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலா?

நீர்க்கடுப்பு என்றாலே ‘உடம்புச் சூடு’ என்று இளநீரோடு நிறுத்திக்கொள்கிறோம். கூடவே குளிர்காய்ச்சல், அடிவயிற்றிலோ விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலோ வலி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் என்றால் புராஸ்டேட் சுரப்பி அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இந்த அழற்சி 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் சகஜமாக வருவது. திடீரென்று வரும் வகைக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா காரணம். பால்வினைத் தொற்றாலும், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்தியதாலும் வரலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் பல நேரம் கிருமியே இருக்காது. இடுப்புத் தசை இறுக்கமும் மன அழுத்தமும் அதைக் கூட்டும்.

லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்த முடியாதென்று தண்ணீரைக் குறைக்கிறார்கள், வந்ததையும் அடக்குகிறார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். நெடுநேரம் உட்கார்ந்தே இருக்காமல் இடையிடையே எழுந்து நடங்கள். மலச்சிக்கலைச் சேரவிடாதீர்கள். ஆணுறை பால்வினைத் தொற்றைத் தடுக்கும். வலிக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பு நனைய 10 நிமிடம் உட்கார்ந்தால் இதமாக இருக்கும்.

கிருமித் தொற்று என்றால் ஆன்டிபயாடிக்கைப் பல வாரம் சாப்பிடச் சொல்வார்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் கிருமி மறுபடி தலைதூக்கும். அழற்சியின்போது ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) அளவு ஏறும், அதைப் பார்த்துப் புற்றுநோயோ என்று கலங்காமல், குணமான பிறகு எப்போது மறுபடி எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.