பரம்பரை வயிறும் பழக்க வயிறும்



உண்டவுடன் வயிற்றைப் பிசைவதும், ஒரு நாள் மலச்சிக்கலும் மறுநாள் பேதியுமாக மாறி வருவதும், வாயுவால் வயிறு உப்புவதும் நம் கடைக்காரர்களில் பலருக்கு ஆண்டுக் கணக்கில் நீடித்து வருகின்றன. கேட்டால், "எங்கள் வாப்பாவுக்கும் இப்படித்தான், இது குடும்பத்து வயிறு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இச்சொல்லில் சிறிது உண்மை உண்டு. பெரிய ஆபத்தும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நோய் இன்னதென்பது

இதனை வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்றும், தமிழில் குடல் எரிச்சல் நோய் என்றும் கூறுவர். குடலில் புண்ணோ கட்டியோ இராது. ஆயினும் வலி பொய்யன்று. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி போய்வந்து கொண்டிருக்கிறது. அந்தப் போக்குவரத்தில் கோளாறு உண்டாவதால், பிறருக்குத் தெரியாத சிறு அசைவும் இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது.

2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ரோம் விதிகள் இதற்கு அளவு சொல்கின்றன. தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அவ்வலி, மலம் கழித்தல், கழிக்கும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் என்னும் மூன்றில் இரண்டோடு சேர்ந்திருக்க வேண்டும்.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

மரபணுக்களில் பாதி உம்மாவிடமிருந்தும் பாதி வாப்பாவிடமிருந்தும் நமக்கு வருகின்றன. தலசீமியா போன்ற சில நோய்களுக்கு ஒரே மரபணுவின் பழுது இரு பக்கமும் வந்து சேர்ந்தால் போதும். குடல் எரிச்சல் நோய் அவ்வாறன்று. 2021ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சியொன்றில், இந்நோயுள்ள 53,400 பேரின் மரபணுக்களை நோயில்லாதவருடையவற்றோடு ஒப்பிட்டனர். பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் செய்யப்பட்ட ஆராய்ச்சி அது. ஆறு இடங்களில் வேறுபாடு தென்பட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பாட்டனார் வைத்துப்போன பெரிய கடனைப் போன்றதன்று இது. அங்கங்கே நின்ற சில்லறைப் பாக்கி போன்றதே.

அவ்விடங்களுள் பல, மனக்கலக்கத்தோடும் சோர்வோடும் தொடர்புடையவை. இதனால் இந்நோய் மனப்பிரமை என்று எண்ணிவிடலாகாது. இரண்டுக்கும் வேர்கள் சில பொதுவாக இருக்கின்றன என்பதே அதன் பொருள்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றில் 17 பேர் அளவே. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் நூற்றில் 8 பேர் அளவே. ஆகவே இரத்தத்துக்குப் பங்குண்டு. ஆனால் உடன்பிறந்த இரட்டையருக்கு நோய் இருப்பதைவிட, தாய் தந்தையருக்கு இருப்பதே வலுவான அடையாளமாக இருந்தது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து மரபணுவை மட்டும் பெறவில்லை. உண்ணும் முறையையும், நோயைக் கண்டு கலங்கும் முறையையும் பார்த்துப் பழகுகிறார்கள் என்பது இதனால் விளங்கும். பெண் பேசும் இடத்தில் இதை ஒரு குலக்குறையாகக் கருதுவதற்கும் நியாயமில்லை.

பழக்கத்தைத் திருத்தும் வழி

பரம்பரையை மாற்ற நம்மால் ஆகாது, பழக்கத்தை மாற்றலாம். முதலாவது, நேரத்துக்கு உண்ணுதல். பகல் உணவை விட்டுவிட்டு, கடை அடைத்தபின் வயிறு முட்ட நாசி கண்டார் உண்பது குடலுக்குப் பகை. கல்லாவை விட்டு எழ முடியாதென்று மலத்தை அடக்குவதும் அவ்வாறே.

இரண்டாவது, பால். சிறு வயதுக்குப் பின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுவது தென்னிந்தியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரில் பெரும்பாலோரின் மரபணு வழக்கம். ஒரு நாளில் நாலைந்து கோப்பை தே தாரிக் குடிப்பவர், இரண்டு வாரம் பாலில்லாத் தேநீர் குடித்துப் பார்க்கட்டும். அதுவும் நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேற்பட வேண்டாம்.

மூன்றாவது, வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள். இவற்றிலுள்ள சில மாச்சத்துகள் சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலை அடைந்து புளித்து வாயுவாகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இதற்கென ஓர் உணவு முறை வகுத்திருக்கிறார்கள். இரண்டு முதல் ஆறு வாரம் இவற்றை நிறுத்தி, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒவ்வவில்லையோ அதை மட்டும் குறைப்பதே அம்முறை. ஆயுள் முழுவதும் பத்தியமிருப்பது அன்று. உணவியல் அறிந்தவரைக் கலந்து செய்வது நலம். பூண்டின் அந்தச் சத்து தண்ணீரில் கரையும்; எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சமைத்தால் மணமும் கிடைக்கும், வயிறும் பொறுக்கும். ரமலானில் நோன்புக் கஞ்சியையும் இவ்வண்ணம் காய்ச்சலாம்.

நான்காவது, இசப்கோல் உமி. சிறிய அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு குடித்தால் பலருக்குக் குணம் தருகிறது. கோதுமைத் தவிடு சிலருக்குத் தொல்லையைக் கூட்டும்.

ஐந்தாவது, கணக்கு எழுதுதல். வரவு செலவை நாள் தவறாமல் எழுதும் நாம், என்ன உண்டோம், எப்போது வலித்தது என்று நான்கு வாரம் எழுதி வைத்தியரிடம் காட்டினால், அவருக்கு அது பேருதவியாகும்.

தொழுகையைப் பற்றி

வாயுத் தொல்லையால் உளூ முறிந்துவிடுமோ என்று அஞ்சி ஜமாஅத்தை விட்டுவிடுவோர் உண்டு. உறுதியாக இருக்கும் உளூவை வெறும் சந்தேகம் முறிக்காது என்பது மத்ரஸாவில் நாம் ஓதிய சட்டம். மெய்யாகவே அடக்க முடியாத நிலையில் உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகையும் இருக்கிறது. வெட்கப்படாமல் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தச் சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடற்புற்று வந்திருத்தல் ஆகிய இவற்றில் ஒன்று இருப்பினும் உடனே வைத்தியரைக் காண வேண்டும். குடல் எரிச்சல் நோய் உயிரைக் கொல்வதில்லை. பெருங்குடற் புற்றுநோய் கொல்லும். அதற்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு. "குடும்பத்து வயிறு" என்று நாம் பெயர் வைத்து ஒதுக்கியது அதுவாக இருந்துவிட்டால், கைக்கு எட்டிய வைத்தியத்தையும் நாமே இழந்தவர்களாவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 50 வயதைக் கடந்தோர், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று பரிசோதித்துக்கொள்ளும்படி சுகாதாரத் துறையினர் வற்புறுத்துகிறார்கள். எளிய பரிசோதனை அது. வெட்கத்தால் தள்ளிப்போட வேண்டாம்.

சரீரம் நமக்கு இரவலாகத் தரப்பட்ட அமானிதம். நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. தேடிப் பெறுவது நம் கடமை. வல்ல நாயன் நம்மனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.