மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு முதுகலைப் படிப்பு: அமெரிக்க முறை பற்றி ஓர் ஆய்வு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நம் நாட்டில் மேல்நிலைப் படிப்பு முடிந்தவுடனேயே மாணவர்களின் வழிகள் பிரிந்து விடுகின்றன. மருத்துவத்திற்குச் செல்பவர் ஒருபுறம், பி.எஸ்ஸி. வகுப்பிற்கு வரும் நாம் மறுபுறம். விலங்கியலிலோ வேதியியலிலோ நாம் பெறும் மதிப்பெண் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் கணக்கில் வருவதில்லை. நீட் தேர்வே அதற்கு வாயில். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முறை வேறு. அங்குப் பட்டப்படிப்பே மருத்துவத்திற்கு முதற்படி. அப்படியில் மதிப்பெண் குறைந்தவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் மருத்துவ உயிரியலில் முதுகலைப் படிப்பொன்றை மேற்கொள்கின்றனர். அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முறை வந்த வரலாறு

1893-இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, பட்டம் பெற்றவர்களையே சேர்த்துக்கொள்வது என்று விதி செய்தது. அந்நாளில் அது புதுமை. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அடிப்படை அறிவியல் கல்லாதவரை மருத்துவத்தில் சேர்ப்பதை அவ்வறிக்கை கண்டித்தது. அதன் பின்னர் தரமற்ற பள்ளிகள் பல மூடப்பட்டன. நான்காண்டுப் பட்டம், பின்னர் நான்காண்டு மருத்துவம், அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி என்ற வரிசை நிலைபெற்றது.

இன்று விண்ணப்பிப்பவரிடம் இரண்டு எண்களை முதலில் பார்க்கின்றனர். ஒன்று, 4.0-ஐ உச்சமாகக் கொண்ட ஜி.பி.ஏ. என்னும் தரப்புள்ளிச் சராசரி. மற்றொன்று, எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண். இது 472 முதல் 528 வரை. 2023-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஏறத்தாழ 52,500 பேர் விண்ணப்பித்து, 23,000 பேர் அளவில் இடம் பெற்றனர். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.77, சராசரி எம்கேட் மதிப்பெண் 511.7. இடம் கிடைக்காத பாதிக்கும் மேற்பட்டவர்களுள் பலர் நாடும் வழிகளில் ஒன்றே இம்முதுகலைப் படிப்பு.

இருவகைப் படிப்புகள்

பட்டத்திற்குப் பின் படிக்கும் ஆயத்தப் படிப்புகள் இருவகைப்படும். முதல் வகை, பட்ட வகுப்புப் பாடங்களையே மீண்டும் அல்லது புதிதாகப் படிப்பது. வரலாறோ இலக்கியமோ படித்துவிட்டு மருத்துவத்திற்குத் திரும்புவோர் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை இவ்வாறு முடிக்கின்றனர். இரண்டாம் வகை, 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்' என்று வழங்கும் முதுகலைப் படிப்பு. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் முதுகலை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கு மாணவர்கள், முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களைப் படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகின்றனர். 'இப்பாடச் சுமையை இவரால் தாங்க முடியும்' என்பதற்கு அதுவே சான்றாகிறது.

இவ்விரண்டிற்கும் உள்ள பெரிய வேறுபாடு கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு, பட்ட வகுப்புச் சராசரியையும் முதுகலைச் சராசரியையும் தனித்தனியே காட்டுகிறது. ஒருவர் பட்டத்தில் 120 கிரெடிட் படித்து 3.0 சராசரி பெற்றதாகக் கொள்வோம். அவர் மேலும் 30 கிரெடிட் பட்ட வகுப்புப் பாடங்களைப் படித்து, அனைத்திலும் 4.0 பெற்றால், அவருடைய மொத்தப் புள்ளி 360 + 120 = 480. அதை 150-ஆல் வகுக்க 3.2 வருகிறது. ஓராண்டு முழு உழைப்பிற்கும் உயர்வு 0.2 மட்டுமே. அதே உழைப்பை முதுகலையில் செலுத்தினால் பழைய 3.0 அசைவதேயில்லை, பக்கத்தில் 4.0 என்ற புதிய எண் ஒன்று நிற்கும். சில பள்ளிகள் புதிய எண்ணைப் பெரிதாக மதிக்கும். சில பள்ளிகள் பழையதையே முதலில் நோக்கும்.

நோய் அறிந்து மருந்து

ஆகவே, எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்பது முதற்கேள்வி அன்று. 'என்னிடம் உள்ள குறை யாது?' என்பதே முதற்கேள்வி. தேவையான பாடங்களையே படிக்காதவருக்கு முதல் வகை ஏற்றது. பாடங்களை முடித்தும் சராசரி சற்றுக் குறைந்தவருக்கு, அதுவும் பிற்பகுதியில் முன்னேற்றம் காட்டியவருக்கு, முதுகலை உதவலாம். எம்கேட் மதிப்பெண் மட்டும் குறைந்தவர் அத்தேர்வையே மீண்டும் எழுத வேண்டும். முதுகலைப் பட்டம் அக்குறையைத் தீர்க்காது. நோயாளிகளிடையே பணிபுரிந்த அனுபவம் இல்லாதவர் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

1. பாடம் யாருடையது? மருத்துவ மாணவர்களின் பாடமும் தேர்வும் அளிக்கப்படுகின்றனவா, அல்லது பெயரில் மட்டும் 'மருத்துவம்' உள்ளதா?

2. அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி நேர்முகத் தேர்வுக்கு உறுதி அளிக்கிறதா? அளித்தால் எவ்வளவு மதிப்பெண் தேவை? நேர்முகத் தேர்வுக்கு அழைப்பது வேறு, இடம் அளிப்பது வேறு. இவற்றை எழுத்து மூலம் அறிதல் நலம்.

3. 'எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் ஆகின்றனர்' என்றால், யாரைக் கொண்டு கணக்கிட்டனர்? சேர்ந்தவர் அனைவரையுமா, இறுதிவரை நின்றவர்களை மட்டுமா? வகுத்தி மாறினால் விடை மாறும் என்பது நாம் அறிந்ததே.

4. காலம் பொருந்துகிறதா? மருத்துவப் பள்ளி விண்ணப்பங்களை, சேர்வதற்கு முந்திய ஆண்டின் மே இறுதி, ஜூன் மாதங்களிலேயே அனுப்பத் தொடங்குகின்றனர். படிப்பு ஆகஸ்டில் தொடங்குமாயின், அதற்கு முன் அனுப்பிய விண்ணப்பத்தில் புதிய மதிப்பெண் எதுவும் இராது. மதிப்பெண் வந்தபின் விண்ணப்பித்தால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

5. பணம் எங்கிருந்து வரும்? 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் முதுகலை மாணவர்களுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்ற வரம்பிற்குள் அடங்கும். கட்டணம் அதற்கு மேற்பட்டால் தனியார் கடனையே நாட வேண்டிவரும். அதன்பின் மருத்துவப் படிப்பின் நான்காண்டுக் கடனும் காத்திருக்கிறது.

6. இடம் கிடைக்காவிட்டால்? ஆய்வுக்கூடப் பயிற்சியோ ஆய்வேடோ உள்ள பட்டம் வேறு வேலைக்கும் உதவும். மருத்துவச் சேர்க்கைக்கென்றே அமைந்த ஓராண்டுப் பட்டத்திற்கு அத்தகைய பயன் குறைவு. அதிலும் குறைந்த மதிப்பெண் பெற்றால், பழைய குறையை அதுவே உறுதிப்படுத்திவிடும்.

நமக்கு உள்ள தொடர்பு

இந்தியப் பட்டத்துடன் அமெரிக்கா சென்று, இம்முதுகலை வழியாக மருத்துவராகிவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். அங்குள்ள மருத்துவப் பள்ளிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. முதுகலை வகுப்பு வெளிநாட்டவரை ஏற்கலாம். அதனால் மருத்துவப் பள்ளியின் கதவும் திறந்துவிடும் என்று பொருளன்று. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்ல உறவில் எவரும் இருப்பதில்லை. நிலத்தை அடகு வைத்துச் செலுத்திய கட்டணம் திரும்பி வராது.

எந்த நாட்டிலும் ஒரு பட்டத்தின் பெயர் வேறு, அப்பட்டம் கொண்டுசேர்க்கும் இடம் வேறு. பெயரைக் கேட்டு மயங்காமல், இடத்தை விசாரித்துச் சேர்வதே மாணவர்க்கு அழகு. ஐயமுள்ளோர் பணம் கட்டுவதற்கு முன் நம் பேராசிரியர்களை அணுகிக் கேட்பார்களாக.